கிரியாட்டினின் அசையவில்லை, கால்கள் தளர்ந்திருந்தன: நாள்பட்ட சிறுநீரக நோயில் உடல் இயக்கத் திறனை அளந்த ஒரு நிகழ்வு

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவரின் ஓபி சீட்டில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம் ஆகியவை ஒவ்வொரு வருகையிலும் தவறாமல் இடம்பெறுகின்றன. அவரால் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, நான்கு மீட்டர் தூரத்தை எத்தனை விநாடியில் கடக்கிறார் என்பதை எழுதுவதற்கு அந்தச் சீட்டில் இடமே இருப்பதில்லை. நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் அன்றாடம் தெரிகிற நோய் இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் இருக்கிறது. அதை அளந்ததால் சிகிச்சையின் போக்கு எப்படி மாறியது என்பதை ஒரு நிகழ்வின் வழியாக இங்கே பதிவு செய்கிறேன். நோயாளியின் அடையாளம் வெளிப்படக் கூடாது என்பதற்காகவும், கற்பிக்கப் பயன்பட வேண்டும் என்பதற்காகவும், சிறுநீரகப் பிரிவுகளில் வழக்கமாகப் பார்க்கிற பலருடைய தன்மைகளைச் சேர்த்து ஒருவராக அமைத்த நிகழ்வு இது. நோயாளியின் எண்களையும் அவ்வாறு அமைத்தவையாகவே கொள்ள வேண்டும். ஆய்வுகளைச் சுட்டிச் சொல்லும் எண்கள் வெளியான ஆய்வுகளுடையவை.

நோயாளியும் அவர் வந்த காரணமும்

அவர் 62 வயதுப் பெண். காவிரிப் படுகையில் ஒரு கிராமம். இளவயதிலிருந்தே நாற்று நடவும் களையெடுப்புமாக வயலில் குனிந்து உழைத்தவர். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், ஏறத்தாழ 10 ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதக் கசிவு. சிறுநீரகப் பிரிவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிச் செல்பவர். டயாலிசிஸ் தொடங்கப்படவில்லை. ஓராண்டுக்கு முன் கிரியாட்டினின் 2.0 மில்லிகிராம், இப்போது 2.1. இதிலிருந்து கணக்கிட்ட வடிகட்டும் திறன், அதாவது இஜிஎஃப்ஆர், 28-லிருந்து 26 ஆகியிருந்தது. நோயின் ஐந்து நிலைகளில் நான்காம் நிலை, ஆனால் ஓராண்டாக நோய் நிலையாக இருக்கிறது என்று சீட்டில் எழுதப்பட்டிருந்தது. பிசியோதெரபிப் பிரிவான எங்களுக்கு அனுப்பிய குறிப்பில் இருந்தது ஒரே வரி: முழங்கால் வலி, உடல் அசதி.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பரவாயில்லைங்க, ஓடுது" என்றார். இந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. ஆகவே காலையில் கண் விழித்ததிலிருந்து இரவு படுக்கும் வரை அவர் செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். அப்போது வேறொரு வரலாறு தெரிந்தது. தெருக்குழாயிலிருந்து குடம் தூக்குவதை ஆறு மாதத்துக்கு முன்பே விட்டுவிட்டார். ரேஷன் கடைக்கு மருமகள் போகிறார். தரையில் அமர்ந்து சாப்பிட்டவர் இப்போது கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். தரையோடு அமைந்த கழிப்பறையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போய்விடுமோ என்ற பயத்தில், வெளியே போகும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார். டவுன் பஸ்ஸின் முதல் படியில் ஏற, கம்பியை இரு கைகளாலும் பிடித்து உடலை இழுக்க வேண்டியிருக்கிறது. "நடக்குறதுக்கு ஒண்ணும் இல்லைங்க, உக்காந்தா எந்திரிக்கத்தான் முடியல. வயசாச்சுல்ல" என்று அவரே அதற்குக் காரணமும் சொல்லிக்கொண்டார். இவை எதையும் அவர் நோயின் கணக்கில் சேர்க்கவில்லை. யாரும் கேட்காததால் மருத்துவரிடம் சொல்லவும் இல்லை.

உணவைப் பற்றிக் கேட்டபோது இன்னொரு செய்தி கிடைத்தது. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கிட்னிக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் சொன்னதைக் கேட்டு, எட்டு மாதமாக அவற்றை அறவே நிறுத்தியிருந்தார். காலையில் கஞ்சி, மதியம் ரசம் சோறு, இரவில் இட்லி இரண்டு. எடை ஓராண்டில் 53 கிலோவிலிருந்து 48 ஆகியிருந்தது. கணுக்காலில் லேசான வீக்கமும் இருந்ததால், உடலில் தேங்கிய நீரைக் கழித்துப் பார்த்தால் உண்மையான எடை இழப்பு 5 கிலோவுக்கு மேலாகவே இருக்க வேண்டும். இந்த ஓராண்டில்தான் கிரியாட்டினின் நிலையாக இருந்தது என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வித்தாள்கள் ஏன் போதவில்லை

உடல் இயக்கத் திறனை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நோயாளியைக் கேட்பது. மற்றொன்று செய்யச் சொல்லிப் பார்த்து நேரத்தையும் தூரத்தையும் வலுவையும் அளப்பது. கேள்வித்தாள் வழியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தன் உடலால் எதைச் செய்ய முடிகிறது என்று நோயாளி உணர்வதும் ஒரு முக்கியமான அளவுதான். ஆனால் உலகெங்கும் பயன்படும் எஸ்எஃப்-36 என்ற கேள்வித்தாளில் மிதமான வேலைக்கு எடுத்துக்காட்டாக மேசையை நகர்த்துவது, வாக்குவம் கிளீனரைத் தள்ளுவது, பௌலிங் அல்லது கோல்ஃப் ஆடுவது ஆகியவை தரப்பட்டிருக்கின்றன. நடவு வயலிலும் கிணற்றடியிலும் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் இதை அப்படியே படித்துக் காட்டினால், அவர் மரியாதைக்காக ஏதாவது ஒரு பதிலைச் சொல்வார். அந்தப் பதிலை நாம் ஓர் எண்ணாக மாற்றி வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து எழுவது, குத்துக்காலிட்டு அமர்வது, குடம் தூக்குவது, பஸ் ஏறுவது ஆகிய நான்கும் எங்கள் பகுதி நோயாளிகளின் சுதந்திரத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இவற்றை முடிகிறது, பிடித்துக்கொண்டு முடிகிறது, முடியவில்லை என்று மூன்று நிலைகளில் தனியே எழுதி வைத்தோம். இந்தப் பட்டியல் எந்த ஆய்விலும் சரிபார்க்கப்பட்ட கருவி கிடையாது. அதனால் இதை மற்ற அளவுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோமே தவிர, மதிப்பெண்ணாகக் கூட்டவில்லை.

அளப்பதற்கு முன்

முதலில் ரத்த அழுத்தம். படுத்த நிலையில் 148/84. எழுந்து நின்று மூன்று நிமிடம் கழித்து 126/76. மேல் அழுத்தம் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் அது நிற்கும்போது ஏற்படும் ரத்த அழுத்தச் சரிவு எனக் கொள்ளப்படும். இவருக்கு 22 குறைந்தது. லேசாகக் கண் இருட்டுவதாகவும் சொன்னார். மாத்திரைப் பட்டியலில் பிரசோசின் இருந்தது. சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்த அழுத்தம் கட்டுப்படாதபோது இங்கே பரவலாகத் தரப்படும் இந்த மருந்து, எழுந்து நிற்கும்போது அழுத்தத்தைச் சரியச் செய்யக்கூடியது. நீண்ட நாள் சர்க்கரை நோயால் தன்னியக்க நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் சரிவு இன்னும் கூடும். 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டபோது இரு பெருவிரல்களிலும் உணர்வு இல்லை. ஆக, இவர் தள்ளாடினால் அதற்குத் தசை மட்டும் காரணமாக இருக்காது என்பது ஸ்டாப்வாட்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. விழுந்துவிடாதபடி ஒருவர் பக்கத்திலேயே நிற்க ஏற்பாடு செய்துகொண்டு சோதனைகளைத் தொடங்கினோம்.

அளந்தவை

அடிப்படையாக எடுத்துக்கொண்டது எஸ்பிபிபி என்று சுருக்கமாகக் குறிப்பிடப்படும் தொகுப்பு. அமெரிக்காவில் ஜாக் குரால்னிக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் முதியோருக்காக 1994-இல் வெளியிட்டது இது. நிற்கும் சமநிலை, நான்கு மீட்டர் நடை, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுதல் ஆகிய மூன்றுக்கும் தலா 4 மதிப்பெண், மொத்தம் 12. ஒரு நாற்காலி, தரையில் ஒட்டிய டேப், ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நெரிசல் மிகுந்த ஓபியிலும் செய்யக்கூடியது என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தோம்.

சமநிலையில், பாதங்களைச் சேர்த்து வைத்தும், ஒரு குதிகாலை மற்றொரு பெருவிரலுக்குப் பக்கவாட்டில் வைத்தும் 10 விநாடி நின்றார். ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் மறு பாதத்தை வைத்தபோது 5.4 விநாடியில் சாய்ந்தார்; மதிப்பெண் 3. நான்கு மீட்டர் நடைக்கு, கடைக்குப் போகிற வேகத்தில் நடங்கம்மா என்று மட்டும் சொன்னோம். வேகமாக நடங்கள் என்று சொன்னால் அது வேறு சோதனையாகிவிடும். இருமுறை நடந்ததில் 6.2, 5.9 விநாடிகள். குறைந்த நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. விநாடிக்கு 0.68 மீட்டர், மதிப்பெண் 3.

நாற்காலி சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சுவரில் முட்டுக்கொடுத்த, கைப்பிடி இல்லாத நாற்காலி. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுதாக எழுந்து அமர வேண்டும். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்ற கணத்தில் கடிகாரம் நிறுத்தப்படும். முதல் இரண்டு முறை ஒழுங்காக எழுந்தார். மூன்றாவது முறை, எழுவதற்கு முன் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, உடலை முன்னால் வீசி எழுந்தார். நான்காவதில் முழங்கால்கள் ஒன்றையொன்று தொடும் அளவுக்கு உள்ளே சாய்ந்தன. கட்டிய கைகள் விலகப் பார்த்தன. ஐந்தாவதில் பாதி எழுந்து மீண்டும் அமர்ந்து, அடுத்த முயற்சியில்தான் நின்றார். 18.4 விநாடி; மதிப்பெண் 1. எது தடுத்தது என்று கேட்டபோது தொடைகளைத் தடவிக் காட்டினார். முழங்கால் வலி பத்துக்கு மூன்றுதான். சோதனை முழுவதும் அது அதிகரிக்கவே இல்லை. அனுப்புதல் குறிப்பில் இருந்த முழங்கால் வலி உண்மைதான். ஆனால் அவரை எழவிடாமல் செய்தது இடுப்பையும் தொடையையும் சேர்ந்த பெருந்தசைகளின் பலவீனம். இந்த வேறுபாடு 18.4 என்ற எண்ணில் தெரியாது. அளப்பவர் கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்கு நோயாளியையும் பார்த்தால்தான் தெரியும்.

மொத்தம் 7. சார்கோபீனியா எனப்படும் தசைத் தேய்வுக்கான ஆசிய நாடுகளின் பணிக்குழு 2019-இல் வகுத்த அளவுகோலின்படி எஸ்பிபிபி 9 அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இயக்கத் திறன் குறைவு; ஐந்து முறை எழ 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலும் அப்படியே.

கைப்பிடி வலு வலது கையில் 19.5 கிலோ, இடது கையில் 18. அதே பணிக்குழு பெண்களுக்கு வகுத்த எல்லை 18 கிலோ. அதற்குக் கீழே போனால்தான் குறைவு. ஆக, கையை மட்டும் அளந்திருந்தால் இவர் இயல்பானவர் என்று அனுப்பியிருப்போம். இது இவருக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் என்று சொல்ல முடியாது. பாபக் ரோஷன்ரவனும் அவர் குழுவினரும் டயாலிசிஸ் தொடங்காத 385 சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், கால்களின் செயல்திறன் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 சதவீதமாவது குறைந்திருந்ததையும், கைப்பிடி வலு ஒப்பீட்டளவில் தப்பித்திருந்ததையும் காட்டினார்கள். நடைவேகம் விநாடிக்கு 0.1 மீட்டர் குறையும் ஒவ்வொரு படிக்கும் இறப்பு அபாயம் 26 சதவீதம் கூடியது. மூன்று ஆண்டுகளுக்குள் இறப்பவர் யார் என்பதைக் கணிப்பதில் நடைவேகம், வடிகட்டும் திறனையே விஞ்சி நின்றது. கைப்பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் கையடக்கமானது, நோயாளி எழக்கூட வேண்டியதில்லை என்பதால் பல இடங்களில் அதை மட்டும் வைத்து முடித்துவிடுகிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயில் அது போதாது என்று நான் அழுத்தமாகவே சொல்வேன்.

ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து அமர்கிறார் என்பதையும் ஆறு நிமிட நடையையும் இடையில் அரை மணி ஓய்வு கொடுத்துச் சேர்த்துக்கொண்டோம். முதலாவதில் 13 முறை. ஆறு நிமிட நடைக்கு 30 மீட்டர் நீளத் தாழ்வாரம் வேண்டும் என்பது அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002-இல் தந்த வழிகாட்டுதல். ஆள் நடமாட்டமின்றிக் கிடைத்தது 20 மீட்டர்தான். குறைந்த நீளத்தில் திரும்புதல்கள் கூடுவதால் மொத்த தூரம் குறையும். ஆகவே 285 மீட்டர் என்ற எண்ணோடு 20 மீட்டர்ப் பாதை, காலில் செருப்பு, காலை 10 மணி, உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்பதையும் சேர்த்து எழுதினோம். மூன்று மாதம் கழித்து இன்னொருவர் அளக்கும்போது எண்ணைவிட இந்தக் குறிப்புகளே அதிகம் உதவும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவராக இருந்தால் இன்னும் இரண்டு கவனங்கள் தேவை. டயாலிசிஸ் முடிந்த கையோடு அளக்கக் கூடாது; வாரத்தின் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் டயாலிசிஸ் நாளையும் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் அதே கிழமையில் டயாலிசிஸுக்கு முன் அளப்பது நல்லது. கைப்பிடி வலுவை, டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து அமைக்கும் ஃபிஸ்டுலா இல்லாத கையில் எடுக்க வேண்டும்.

அளவுகள் எழுப்பிய சந்தேகம்

கால்கள் இவ்வளவு தளர்ந்திருக்க, எடை 5 கிலோ இறங்கியிருக்க, கிரியாட்டினின் மட்டும் நிலையாக இருந்தது எப்படி? கிரியாட்டினின் தசையில் உருவாவது. இறைச்சி, மீன் உணவிலிருந்தும் வருவது. தசையும் கரைந்து, மீனும் நிறுத்தப்பட்டால் உற்பத்தி குறையும். சிறுநீரகம் மெல்லக் கெட்டுக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு ஏறாமல் நிற்கும். நிலையாக உள்ளது என்ற எழுத்துக்குப் பின்னால் இரண்டு சரிவுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தைச் சிறுநீரக மருத்துவரிடம் எஸ்பிபிபி தாளோடு எடுத்துச் சென்றோம். அவர் சிஸ்டேட்டின் சி பரிசோதனைக்கு எழுதினார். இது சிறுநீரகம் வடிகட்டுகிற, தசை அளவை அதிகம் சார்ந்திராத புரதம்.

முடிவு 2.9 மில்லிகிராம். இதை வைத்துக் கணக்கிட்ட வடிகட்டும் திறன் 17. கிரியாட்டினினையும் சேர்த்துக் கணக்கிட்டால் 21. கிரியாட்டினின் மட்டும் சொன்னது 26. அழற்சி, தைராய்டு கோளாறு, ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், உடல்பருமன் ஆகியவை சிஸ்டேட்டினை ஏற்றிக் காட்டக்கூடும். இவருக்கு அவை இல்லை என்று சரிபார்த்த பிறகே மருத்துவர் இந்த எண்ணை ஏற்றார். நிலை மாறவில்லை, இன்னும் நான்காம் நிலைதான். ஆனால் 26-இல் பேச வேண்டியதும் 21-இல் பேச வேண்டியதும் வேறு. டயாலிசிஸ், வயிற்று வழி டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் ஆகியவற்றைப் பற்றிக் குடும்பத்தோடு பேசுவது, இடது முன்கையின் ரத்தக் குழாய்களில் ஊசி போடாமல் காப்பது ஆகிய இரண்டும் அன்றே தொடங்கின. ஒரு நாற்காலியும் ஸ்டாப்வாட்ச்சும் எழுப்பிய கேள்வி, சிறுநீரகத்தின் அளவையே திருத்த வைத்தது என்பதுதான் இந்த நிகழ்வில் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது.

மற்ற பரிசோதனைகள்: ஹீமோகுளோபின் 8.9, இரும்புச்சத்து இருப்பு குறைவு, பைகார்பனேட் 17, வைட்டமின் டி 11, ஆல்புமின் 3.4.

செய்தவை

பிரசோசின் நிறுத்தப்பட்டு வேறு மருந்து தரப்பட்டது. இரும்பு ஊசியும், அதன்பின் ரத்த அணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டினும், ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்கும் சோடா (பைகார்பனேட்) மாத்திரையும், வைட்டமின் டி-யும் எழுதப்பட்டன. சோடா மாத்திரையைப் பற்றி ஒரு குறிப்பு அவசியம். அமிலத்தன்மை தசையைக் கரைக்கிறது என்பதால், அதைச் சரிசெய்தால் நடை தேறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பிரிட்டனில் 60 வயதுக்கு மேற்பட்ட 300 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியான பைகார்ப் ஆய்வில், எஸ்பிபிபியையே முதன்மை அளவாகக் கொண்டு ஓராண்டு பார்த்தும் பயன் தெரியவில்லை. இவருக்குப் பைகார்பனேட் 17 என்பது மிகக் குறைவு என்பதால் தருவது சரியே. ஆனால் பின்னால் வரும் முன்னேற்றத்தை அந்த மாத்திரையின் கணக்கில் எழுதக் கூடாது.

உணவு ஆலோசகர் அவரை மீண்டும் சாப்பிட வைத்தார். டயாலிசிஸ் தொடங்காதவருக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது உலகச் சிறுநீரக அமைப்பான கேடிகோவின் 2024 வழிகாட்டுதல். தளர்ந்த முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தருவதைக் கருதலாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 0.8 கிராம் வீதம் 48 கிலோவுக்கு 38 கிராம். எட்டு மாதமாக அவர் உண்டது அதில் பாதி இருந்தாலே அதிகம். தினம் ஒரு முட்டை, ஒரு வேளைக் கெட்டிப் பருப்பு, வாரத்தில் மூன்று நாள் சிறு துண்டு மீன் என்று எழுதிக் கொடுத்து, மருமகளிடமும் விளக்கினோம். "அப்ப பருப்பு போடலாமா?" என்று அவர் இருமுறை கேட்டு உறுதிசெய்துகொண்டார். கட்டுப்பாடாகச் சமைத்துப் போடுகிறோம் என்ற நிம்மதியில் ஒரு குடும்பம் எட்டு மாதம் ஒருவரை மெலியவிட்டிருக்கிறது. அன்பும் அக்கறையும் நிறைந்த வீட்டில் நடந்தது இது. தெளிவாக எழுதிக் கொடுக்காத நம்முடைய பொறுப்பே பெரிது.

உடற்பயிற்சி வலுவையே குறிவைத்தது. குறைந்த புரத உணவில் இருந்த சிறுநீரக நோயாளிகள் 26 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரம் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், வலுப்பயிற்சி செய்தவர்களின் தசை காக்கப்பட்டது. இவருக்கு வாரம் மூன்று நாள்: தலையணை போட்டு உயர்த்திய பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எட்டு முறை எழுதல், மூன்று சுற்று, எளிதானதும் தலையணையை எடுத்துவிடுதல். ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல். வாசற்படியில் ஏறி இறங்குதல். மற்ற நாட்களில் வெயில் தாழ்ந்த பிறகு தெருவில் நடை. பேச முடிகிற, ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும் என்றோம். ஒவ்வொரு முறையும் நகரத்துக்கு வர பஸ் ஏறுவதே அவருக்குத் தடையாக இருந்ததால், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பயிற்சியைப் பார்த்துக்கொண்டார்.

12 வாரத்துக்குப் பிறகு

அதே நாற்காலி, அதே தாழ்வாரம், அதே நேரம். நேர்க்கோட்டில் பாதம் வைத்து 10 விநாடி முழுதும் நின்றார். நான்கு மீட்டர் 4.9 விநாடி, அதாவது விநாடிக்கு 0.82 மீட்டர். ஐந்து முறை எழ 14.6 விநாடி. எஸ்பிபிபி 7-லிருந்து 9. ஒரு நிமிடத்தில் 13-க்குப் பதில் 16 முறை. ஆறு நிமிடத்தில் 335 மீட்டர். கைப்பிடி வலு 20 கிலோ. எடை 49.5. நிற்கும்போது அழுத்தச் சரிவு 8 மட்டுமே.

இந்த எண்களைப் பார்த்து மகிழ்வதற்கு முன், அளவின் பிழை என்ன என்று கேட்க வேண்டும். ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளிடம் இதே சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து, எவா செகூரா-ஓர்த்தியும் ஃபிரான்சிஸ்கோ மார்த்தினெஸ்-ஓல்மோஸும் ஸ்பெயினிலிருந்து 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆறு நிமிட நடையில் 66.3 மீட்டருக்கும், ஒரு நிமிட நாற்காலி சோதனையில் 4 முறைக்கும், கைப்பிடியில் 3.4 கிலோவுக்கும் குறைவான மாற்றம், உண்மையில் எதுவும் மாறாமலேயே வந்துவிடக்கூடும். இவருடைய 50 மீட்டரும், 3 முறையும், 0.5 கிலோவும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. இன்னொரு பக்கம், சுபாஷன் பெரேராவும் உடன் ஆய்வாளர்களும் முதியவர்களிடம் கண்டு 2006-இல் வெளியிட்ட கணக்கில், 50 மீட்டரும், விநாடிக்கு 0.1 மீட்டரும், எஸ்பிபிபியில் 1 மதிப்பெண்ணும் வாழ்க்கையில் தெளிவாக உணரத்தக்க பெரிய மாற்றங்கள். இவ்விரண்டும் முரண்படுவதாகத் தோன்றலாம். உண்மையில் அவை இரு வேறு கேள்விகளுக்கான பதில்கள். இந்த ஒரு நோயாளியிடம் தெரிந்த மாற்றம் அளவின் ஆட்டத்தைத் தாண்டியதா என்பது முதல் கேள்வி. மாற்றம் உண்மையானால் அது பொருட்படுத்தத் தக்கதா என்பது இரண்டாவது. முதல் எல்லை டயாலிசிஸ் செய்துகொள்பவர்களிடமிருந்து பெறப்பட்டது என்பதால், டயாலிசிஸ் தொடங்காத ஒருவருக்கு அப்படியே பொருத்துவதிலும் தயக்கம் வேண்டும்.

இரண்டாம் முறை என்பதால் சோதனை பழகிப்போய்ச் சற்றுக் கூடுதலாகச் செய்திருக்கவும் இடமுண்டு. முதல் நாளிலேயே ஆறு நிமிட நடையை இருமுறை செய்து நல்லதை எடுத்துக்கொண்டிருந்தால் இந்த ஐயம் குறைந்திருக்கும். ஆனால் அந்த உடல்நிலையில் இரண்டாம் நடையை அவர்மேல் சுமத்த மனம் வரவில்லை, அந்த முடிவைச் சரியென்றே இப்போதும் கருதுகிறேன்.

ஆகவே எந்தத் தனி எண்ணையும் வைத்து வெற்றி என்று எழுதவில்லை. எல்லா அளவுகளும் ஒரே திசையில் நகர்ந்தன. கால்கள் கையைவிட அதிகம் தேறின. ஐந்து முறையும் முழங்கால் உள்ளே சாயாமல் எழுந்தார். தனிப் பட்டியலில் இருந்த நான்கில், தரையிலிருந்து எழுவதும் பஸ் ஏறுவதும் பிடித்துக்கொண்டு முடிகிறது என்ற நிலைக்கு வந்தன. குத்துக்காலிட்டு அமர்ந்து எழுவது, சுவரில் ஒரு கம்பி பதித்த பிறகு பயமின்றி நடக்கிறது. குடம் தூக்குவது இன்னும் முடியவில்லை. முன்னேற்றம் இருப்பதற்கான சாத்தியம் மிகுதி, அதன் அளவு உறுதியில்லை என்று பதிவு செய்தோம். எந்த மருந்தால், எந்த உணவால், எந்தப் பயிற்சியால் என்று பிரித்துச் சொல்ல இந்த ஒரு நிகழ்வால் இயலாது.

கிரியாட்டினின் இப்போது 2.3. சீட்டை மட்டும் பார்த்திருந்தால் சிறுநீரகம் மோசமாகிவிட்டது என்று எண்ணி, மீண்டும் பருப்பை நிறுத்தச் சொல்லியிருக்க வாய்ப்புண்டு. சிஸ்டேட்டின் 2.9-லேயே நின்றது. உணவும் தசையும் திரும்பியதன் விளைவாகவும், பரிசோதனையின் வழக்கமான ஏற்ற இறக்கமாகவும் இருக்கக்கூடிய அந்த 0.2-ஐ மருத்துவர் அமைதியாக எடுத்துக்கொண்டார், உணவை மாற்றவில்லை.

இனி வரும் அளவுகள்

அமெரிக்க முதியோர் இல்லங்களில் டயாலிசிஸ் தொடங்கிய 3,702 பேரைப் பின்தொடர்ந்து மஞ்சுளா குரெல்லா தமுரா குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குள் 58 சதவீதத்தினர் இறந்தனர். டயாலிசிஸுக்கு முன்பிருந்த செயல்திறனை அப்படியே தக்கவைத்தவர்கள் 13 சதவீதம் மட்டுமே. அவர்கள் ஏற்கெனவே மிகவும் தளர்ந்தவர்கள் என்பதால் அந்த விகிதங்களை இவருக்குப் பொருத்த முடியாது. ஆனால் டயாலிசிஸ் தொடங்கும் காலம் செயல்திறன் சரியும் காலமாகவும் இருக்கலாம் என்ற எச்சரிக்கை இவருக்கும் உரியது. தொடங்குவதற்கு முன் எப்படி இருந்தார் என்ற அளவு கையில் இல்லாவிட்டால், பின்னால் நேரும் சரிவு நோயாலா, டயாலிசிஸாலா, இடையில் மருத்துவமனையில் படுத்திருந்ததாலா என்று கேட்கக்கூட வழி இருக்காது.

இவருடைய கோப்பின் முன்பக்கத்தில் இப்போது கிரியாட்டினின் வரிசைக்குக் கீழே எஸ்பிபிபி வரிசை ஒன்று வரையப்பட்டிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பிரிவுக்கு வரும் அதே நாளில், ரத்தம் எடுத்து முடித்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அது அளக்கப்படும். ஆறு நிமிட நடை ஆண்டுக்கு இருமுறை. காய்ச்சலுக்கோ மூச்சுத்திணறலுக்கோ உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால், வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் ஒருமுறை கூடுதலாக. ஃபிஸ்டுலா இடது கையில் வைக்கப்படவிருப்பதால், கைப்பிடி வலு இனி வலது கையில் மட்டும் எழுதப்படும். அடுத்த தேதி குறிப்பிட்டுக் கொடுத்தபோது, அன்றைக்குத் தரையிலிருந்து பிடிக்காமல் எழுந்து காட்டுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்கான கட்டம் தாளில் காலியாக விடப்பட்டிருக்கிறது.